கூமாப்பட்டியின் நீர்ச் சரித்திரம்

இங்கிலாந்து தேசத்தின் தென்பகுதியில், ஹாம்ப்ஷயர் வட்டாரத்தில், செல்போர்ன் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர்த் தேவாலயத்தில் துணைக் குருவாக இருந்த கில்பர்ட் ஒயிட் என்பவர், தம் ஊரின் மரங்களையும் பறவைகளையும் மழையையும் பழைய நினைவுகளையும் நண்பர்களுக்குக் கடிதங்களாக எழுதி, அவற்றைத் திரட்டி 1789-ல் நூலாக வெளியிட்டார். ராஜாக்களும் யுத்தங்களும் எட்டிப்பாராத அந்தக் கிராமம் அன்று முதல் உலகத்தார் அறிந்த ஊராயிற்று. அதற்கும் முன்பே, 1538-ல், அந்நாட்டுத் திருச்சபை வட்டாரம் ஒவ்வொன்றிலும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஏட்டில் பதிந்து வைக்க வேண்டுமென்று ஆணை பிறந்திருந்தது. அதன் பயனாக, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே ஏர் பிடித்த ஒரு கூலியாளின் பெயரைக்கூட அவன் வம்சத்தார் இன்றைக்குத் தேடிக் கண்டுகொள்ள முடிகிறது.

நம் ஊர்களுக்கு அப்படிப்பட்ட ஏடு வாய்க்கவில்லை. அதனால் நமக்குக் கிராம சரித்திரமே கிடையாது என்று யாரேனும் சொல்வாராயின், அவர் ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலைப் பொழுதில் கூமாப்பட்டிக்கு வந்து, கண்மாய்க் கரைமேல் ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலை, சதுரகிரிக்குத் தென்புறமாக வளைந்து, தன் மடியில் ஏந்தி வைத்திருக்கும் வத்திராயிருப்பு வட்டாரத்து ஊர்களுள் கூமாப்பட்டியும் ஒன்று. சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காடுகள் வானத்தை நம்பிக் கிடக்கையில், இவ்வட்டாரம் மட்டும் நெல்லும் தென்னையுமாகப் பசுமை பூண்டிருப்பதற்குக் காரணம் மலையிலிருந்து இறங்கும் ஓடைகளே. அவற்றுள் ஒன்றின் பெயர் பெரியாறு. முல்லைப் பெரியாற்றோடு அதற்கு யாதொரு சம்பந்தமும் இல்லை. இந்த நீரெல்லாம் அர்ச்சுனா நதியாகத் திரண்டு கீழ்த்திசை சென்று, இருக்கன்குடி மாரியம்மன் கோயிலருகே வைப்பாற்றோடு கலக்கிறது.

ராஜாங்கங்கள் இவ்வூரின் மேல் மாறி மாறிக் கடந்து சென்றிருக்கின்றன. பாண்டியர், நாயக்கர், ஆற்காட்டு நவாபு, கும்பினியார் என்று அந்த வரிசையை ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரித்திரத்தில் எவரும் படித்துக்கொள்ளலாம். அண்டையிலுள்ள கான்சாபுரத்தார், 1764-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபின் பெயரே தங்கள் ஊருக்கு வழங்குவதாகச் சொல்வர். 1910 வரை திருநெல்வேலி ஜில்லா, பிறகு ராமநாதபுரம் ஜில்லா, 1985 முதல் இன்று விருதுநகர் எனப்படும் மாவட்டம் என்று ஊரின் மேல்விலாசம் மாறிக்கொண்டே வந்ததால், பழைய தஸ்தாவேஜுகளைத் தேடப் புகுவோர் மூன்று ஜில்லாக்களின் காகிதக் கட்டுகளைப் புரட்ட வேண்டியிருக்கும். ஆயினும் குடியானவனுடைய சரித்திரம் அந்தக் கட்டுகளில் அகப்படுவது அரிது. அது கரையிலும் மடையிலும் கலுங்கிலும் கிடக்கிறது.

பாண்டி நாட்டுக் கண்மாயின் பழைய மடையை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். நீருக்குள் நிற்கும் இரு கல்தூண்கள்; அவற்றைக் குறுக்கே பிணைக்கும் பலகைக் கற்கள்; அக்கற்களிலுள்ள துவாரங்களின் வழியாக இறங்கும் ஒரு கழி; கழியின் அடிநுனியில் தூம்பின் வாயை மூடும் அடைப்பு. நீர்ப்பாய்ச்சி கண்மாயில் இறங்கி அந்தக் கழியை எவ்வளவு தூக்குகிறானோ அவ்வளவே வாய்க்காலுக்குத் தண்ணீர். மறுகோடியில், மிகுநீர் வழியும் கலுங்கின் மேல் வரிசையாக நட்ட கற்கள் இருக்கும்; மழை குறையும் பருவத்தில் அவற்றின் இடைவெளியை மண்ணும் வைக்கோலும் கொண்டு அடைத்தால் கண்மாயில் நீர் இன்னும் சற்று உயரும். ஆனால் மேலூரார் ஓரடி கூட்டித் தேக்கினால், மறுகால் நீரை எதிர்பார்த்திருக்கும் கீழூர்க் கண்மாய்க்கு அவ்வளவும் நஷ்டம். அந்தக் கற்களின் இடுக்கை எந்த நாளில் அடைப்பது, எந்த நாளில் திறப்பது என்பதைப் பற்றி ஊருக்கு ஊர் நடந்த பேச்சுவார்த்தைகளும் பஞ்சாயத்துகளும், சில சமயங்களில் மண்டை உடைந்த வழக்குகளுமே நம் கிராமங்களின் மெய்யான ராஜதந்திர சரித்திரம் என்பது என் துணிபு.

நீர்ப்பாய்ச்சிக்கு மாதச் சம்பளம் கிடையாது. அறுப்பு முடிந்ததும் களத்து மேட்டிலேயே அவனுக்குரிய சுதந்திரம் என்னும் பங்கை நெல்லாக அளந்து கொடுத்தார்கள். கண்மாய் மராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து நிற்கும் குடிமராமத்து வழக்கம் தளரத் தொடங்கியபோது, 1858-ல் சென்னை ராஜதானி அதற்கெனக் கட்டாய உழைப்புச் சட்டமே இயற்றியது. மனமுவந்து செய்து வந்த காரியத்தைச் சட்டத்தினால் நிலைநிறுத்த இயலவில்லை. பழைய ஏற்பாட்டை நான் பொற்காலமென்று போற்ற வரவில்லை. இரவெல்லாம் கரையைக் காத்தவனுக்கும் சேற்றில் நின்று மண் சுமந்தவளுக்கும் அந்த ஆயக்கட்டில் பெரும்பாலும் ஒரு குழி நிலமும் இருந்ததில்லை. நெல் அளந்தவர்களின் பெயர் பத்திரங்களில் உண்டு. கரை காத்தவர், மண் சுமந்தவர்களுடைய பெயர் எதிலும் இல்லை. அதனாலேயே அவர்களைப் பற்றி எழுதுவது அவசரமான கடமையாகிறது.

1970-களில் மலையடிவாரத்தில் பிளவக்கல் பெரியாறு அணையும் கோவிலாறு அணையும் எழுந்தன. வட்டாரத்தின் சுமார் 40 கண்மாய்களுக்கு இப்போது நீர் அணைகளின் வழியே வருகிறது. திறக்கும் தேதியைச் சர்க்கார் உத்தரவு நிர்ணயிக்கிறது. 1980-ல் கர்ணமும் மணியக்காரரும் ஒரே அவசரச் சட்டத்தில் மறைந்து, கிராம நிர்வாக அதிகாரி வந்தார். நியாயமான சீர்திருத்தந்தான், எனினும் எந்த நஞ்சைக்கு எந்த வாய்க்காலில் எத்தனை நாழிகை முறை என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடிய மனிதரும் அவர்களோடு மறைந்தார்.

2025-ல் ஊர் இளைஞரொருவர் கைப்பேசியில் எடுத்து வெளியிட்ட சிறு படங்களால் கூமாப்பட்டியின் பெயர் தமிழகமெங்கும் பரவிற்று. தன் ஊரின் தண்ணீரைக் கண்டு ஒரு பிள்ளை பெருமிதம் கொள்வதைக் காட்டிலும் இனிய காட்சி வேறில்லை. அந்தப் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அதே கைப்பேசியை எடுத்துக்கொண்டு, அணை கட்டுவதற்கு முன் மடை திறந்த பெரியவர்களும், நாற்று நட்ட பாட்டிமார்களும் இருக்கும் வீடுகளுக்குச் செல்லுங்கள். எந்த மடைக்கு என்ன பெயர், எந்த வருஷத்தில் கரை உடைந்தது, யார் யார் கூடி அடைத்தார்கள், களத்தில் யாருக்கு எவ்வளவு அளந்தார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே பதிந்து வையுங்கள். அடுத்த மழைக்காலத்திற்குள் தொடங்கிவிடுங்கள்.