நீர் அரணாக நின்ற மலை

பல்லாவரத்தில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டரில் திருநீர்மலை. 108 திவ்ய தேசங்களில் ஒன்று.

8ஆம் நூற்றாண்டில் திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது மலையைச் சுற்றிலும் வெள்ளம். ஆறு மாதம் எதிர்க்கரையில் தங்கி, நீர் வடிந்த பிறகே பெருமாளைச் சேவித்தார் என்கிறது தலவரலாறு. அவர் தங்கிய இடம்தான் திருமங்கையாழ்வார்புரம் என்பார்கள்.

இதை வெறும் கதை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. செங்கல்பட்டுச் சீமையில் வற்றாத ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழையை ஏரியில் தேக்கித்தான் வெள்ளாமை. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும் ஏரி பங்குனி, சித்திரையில்தான் தரை காட்டும். கணக்குப் பார்த்தால் அதே ஆறு மாதம்! ஒரு பக்கம் ஏரி, மேற்கே அடையாறு. மழைக்காலம்தோறும் இந்தக் குன்று தீவாகியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

காத்திருந்த ஆழ்வார் கண்டது என்ன? திருநறையூர், திருவாலி, குடந்தை, திருக்கோவலூர் ஆகிய நான்கு தலங்களின் கோலங்களையும் இந்த ஒரே மலையில் கண்டதாகப் பெரிய திருமொழியில் பாடுகிறார். இன்றும் அப்படியே சேவிக்கலாம். அடிவாரக் கோயிலில் நீர்வண்ணர் நின்ற கோலம். தாயார் அணிமாமலர் மங்கை. கோபுரத்துக்கு எதிரே மணிகர்ணிகைத் தெப்பக்குளம். படியேறினால் மலைமேல் பள்ளிகொண்ட ரங்கநாதர், அமர்ந்த கோலத்தில் சாந்த நரசிம்மர், நடந்த கோலத்தில் உலகளந்த பெருமாள். ஒரு கோயிலை மலையடியிலும் மலைமேலுமாகப் பிரித்துக் கட்டிய இந்த அமைப்பில், சுற்றி நின்ற நீரும் ஒரு பிராகாரம்தான்.

அந்தப் பிராகாரத்தைத்தான் நாம் இடித்துவிட்டோம். 1912இல் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் ஆலையால் பக்கத்திலுள்ள குரோம்பேட்டைக்குப் பெயர் வந்தது. பின்னாளில் பம்மல், நாகல்கேணி தோல் பட்டறைகளின் கழிவு இப்பகுதி நீர்நிலைகளைக் கெடுத்தது. வரத்துக் கால்வாய்கள் மேல் வீடுகள் எழும்பின. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாறு வீடுகளுக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

2021இல் திருநீர்மலைப் பேரூராட்சியும் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. இனி இங்கே திருப்பணி என்றால் கோபுரத்துக்கு வர்ணம் பூசுவதோடு நிற்கக் கூடாது. ஏரிக்கரையை அளந்து கல் நட வேண்டும், கால்வாயைத் தூர்வார வேண்டும், கழிவுநீர்க் குழாய்களை அடைக்க வேண்டும். நீர்வண்ணர் கோயிலுக்கு அதுதான் முதல் திருப்பணி.