காஃப் சதுக்கத்துக் கூரையடி அறை

சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதியைக் கேள்விப்படாத இலக்கிய அன்பர்கள் அரியர். அது உருவான வீட்டைப் பற்றி இங்கே சிறிது பேசலாம் என்றிருக்கிறோம்.

இலண்டன் ஃப்ளீட் வீதிக்கு வடக்கே, சந்துகளுக்குள் ஒதுங்கி நிற்கிறது காஃப் சதுக்கத்தின் 17ஆம் எண் இல்லம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ரிச்சர்ட் காஃப் என்ற கம்பளி வணிகர் எழுப்பியது. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின் இலண்டன் நகரில் வீடுகளைச் செங்கல்லாலோ கல்லாலோதான் கட்டவேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. இதுவும் செங்கல் வீடே. நகரில் நிலம் அரிது. ஆகவே வீடு பக்கவாட்டில் பரவாமல் மேல்நோக்கி வளர்ந்தது. நடுவே மரப்படிக்கட்டு, இருபுறமும் அறைகள். முதல் மாடியின் பலகைத் தடுப்புகள் கீலில் திரும்புபவை. திறந்துவிட்டால் தளம் முழுவதும் ஒரே கூடமாகிவிடும். விருந்தோம்பும் வணிகருக்கு ஏற்ற ஏற்பாடுதான்!

அக்கால நகர வீடுகளில் மாடிகளுக்கும் தகுதி உண்டு. சமையல் நிலத்தடியில், விருந்தினர் கீழ்த்தளங்களில், கூரையடி அறை பெரும்பாலும் பணியாளருக்கு. 1748இல் குடியேறிய ஜான்சன், வீட்டின் மதிப்புக் குறைந்த அந்த அறையையே அகராதிக்கு ஒதுக்கினார். கணக்கர் அலுவலகம் போல் அங்கே மேசைகள் போடப்பட்டிருந்ததாக அவர் வரலாற்றை எழுதிய பாஸ்வெல் குறிப்பிடுகிறார். படியெடுப்போர் அறுவர், ஐவர் ஸ்காட்லாந்துக்காரர். ஸ்காட்லாந்தை ஓயாமல் கேலி செய்தவரின் அகராதி அவர்கள் கையெழுத்தில்தான் வளர்ந்தது என்பதை எண்ணி நாம் புன்னகைக்காமல் இருக்க முடியவில்லை. இடையே 1752இல் மனைவி எலிசபெத் மறைந்தார். 1755இல் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களுடன் இரு பெருந்தொகுதிகள் வெளிவந்தன.

புகழ் வந்தது, பொருள் வரவில்லை. மறு ஆண்டே ஆறு பவுனுக்கும் குறைவான கடனுக்காக அவர் கைதுசெய்யப்பட்டார். நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் பணம் அனுப்பி மீட்டார். இவ்வீட்டு வாசற்கதவில் கனத்த இரும்புச் சங்கிலியும், மேலுள்ள கண்ணாடித் திறப்பில் சிறுவரை நுழையவிட்டுத் திருடுவதைத் தடுக்க முட்கம்பியும் உள்ளன. அவற்றைக் காணும்போது, திருடரைவிடக் கடன்காரரே ஜான்சனை அதிகம் அச்சுறுத்தியிருப்பர் என்று நமக்குத் தோன்றுகிறது.

1759இல் அவர் வெளியேறினார். பிற்காலத்தில் சிதைந்துகிடந்த வீட்டை 1911இல் செசில் ஹார்ம்ஸ்வொர்த் வாங்கிச் செப்பனிட்டு, 1914இல் பொதுமக்களுக்குத் திறந்தார். ஜான்சன் இலண்டனில் குடியிருந்த பல வீடுகளுள் எஞ்சியது இது ஒன்றே. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் கூரை எரிந்தது. தீயணைப்புப் படையினர் போராடி வீட்டைக் காத்தனர். வணிகரின் படிக்கட்டும் பலகைச் சுவர்களும் பிழைத்தன. மிகுந்த சேதமுற்று, பின்னர் புதிய கூரை பெற்றது, சொற்கள் பிறந்த அந்த மேலறைதான்.