சுதந்திரம் யாருக்கு? கனடியக் கோதுமை வாரியத்தின் முடிவு

வாங்குபவன் பெரிய கம்பெனி என்றால் விற்பவர்களும் ஒன்றாக நிற்கணும். 1935இல் தொடங்கிய கனடியக் கோதுமை வாரியம், 1943இல் மேற்குப் புல்வெளி மாகாணங்களின் கோதுமைக்கு ஒரே விற்பனையாளரானதன் தர்க்கம் இதுதான். இதில் கட்டாயமும் இருந்தது. தன் தானியத்தைத் தானே எல்லை தாண்டி விற்று, 2002இல் சிறை போன விவசாயிகளும் உண்டு. நான் எழுப்புவது வேறு கேள்வி: முடிவெடுக்க வேண்டியது யார்?

விவசாயிகளைக் கேட்கணும்னு சட்டத்திலேயே இருந்தது. 2011இல் வாரியமே நடத்திய வாக்கெடுப்பில், வாக்களித்த கோதுமை விவசாயிகளில் 62 சதவீதம் பேர் பழைய முறை நீடிக்கட்டும் என்றார்கள். ஹார்ப்பர் அரசு அதைக் கண்டுகொள்ளாமல், டிசம்பரில் சட்டத்தையே மாற்றியது. அதற்கு ‘விற்பனைச் சுதந்திரம்’ என்று பெயர். 2012 ஆகஸ்டில் ஏகபோகம் முடிந்தது. 2015இல் வாரியத்தின் பெரும்பங்கு பங்கி கம்பெனியும் சவுதி அரசு முதலீடும் சேர்ந்த கூட்டுக்குப் போனது. தனியாக விற்கும் உரிமை வந்தது, சேர்ந்து பேரம்பேசும் பலம் போயிற்று.