சுத்தியலில் பிறந்த காசுகள்



சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுத் தளேகாவில் குடியேறிய பின் எனக்கு ஒட்டிக்கொண்ட பைத்தியம் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். "ஊரில் செல்லாத காசெல்லாம் நம்ம ஆத்தில் செல்லுபடியாகிறது" என்பது என் ஆத்துக்காரியின் விமரிசனம்.

இதன் விதை லண்டனில் விழுந்தது. பெண் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெரியவர் ஒரு மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். சின்னச் சின்ன வெள்ளி வில்லைகள். முதலாம் எட்வர்ட் மன்னர் காலத்துப் பென்னி ஒன்றை உள்ளங்கையில் வைத்தார். 1279-ல் வந்த புதுப் பென்னி வகை. எடை ஒன்றரை கிராம்கூட இராது. கீழ் அச்சை மரக்கட்டையில் பதித்து, அதன்மேல் வெள்ளித் தகட்டை வைத்து, மேல் அச்சைக் கையால் பிடித்துச் சுத்தியலால் ஓங்கி அடித்துச் செய்தது. அதனால் ஒன்றுபோல் இன்னொன்று இராது. ராஜாவின் முகம் ஓரத்துக்கு நழுவியிருக்கும், எழுத்து இரட்டையாக விழுந்திருக்கும்.

பின்பக்கம் ஒரு சிலுவை விளிம்புவரை நீண்டிருந்தது. 1247-லிருந்து அப்படி நீட்டினார்களாம். காரணம் திருட்டு. காசின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வெள்ளி சேர்ப்பவர்கள் அன்று ஏராளம். சிலுவையின் முனை காணாமல் போனால் காசு வெட்டுப்பட்டது என்று பாமரனுக்கும் தெரியும். இந்தக் குற்றத்துக்கு மரண தண்டனை உண்டு. ஆனாலும் நிற்கவில்லை. 1662 முதல் யந்திரத்தில் அடித்த காசுகள் நிலைபெற்றன. 1696-ல் பழைய சுத்தியல் காசுகளையெல்லாம் திரும்ப வாங்கி உருக்கினார்கள். அதே வருஷம் அந்த அக்கசாலையில் அதிகாரியாக வந்து சேர்ந்தவர் ஐசக் நியூட்டன்! கல்லூரியில் அவருடைய விதிகளை உருப்போட்ட எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது.

பெரியவரிடம் நான் கற்றது வேறொன்று. ஒவ்வொரு காசின் கீழும் ஒரு சிறு அட்டை: எந்த ராஜா, எந்த அக்கசாலை, என்ன எடை, யாரிடம் எப்போது என்ன விலைக்கு வாங்கியது. அட்டை தொலைந்தால் காசின் பாதி மதிப்பு போயிற்று என்பார்.

தளேகாவ் திரும்பியதும், 'இங்கும் சுத்தியலில் அடித்த காசு இருந்திருக்குமே' என்று தேட ஆரம்பித்தேன். தேடவே வேண்டாம். இது சத்ரபதி சாஹுவின் சேனாபதி கண்டேராவ் தாபாடேயின் குடும்பத்து ஊர். ஊர்ப்பெயரே தளேகாவ் தாபாடே. கடைவீதியில் ஒரு பாத்திரக் கடைக்காரர் எடைக்கு வாங்கிய பழைய செம்புச் சாமான்களுக்கு நடுவே கறுத்த தடித்த வட்டம் ஒன்று கிடந்தது. சிவராயி!

1674 ஜூன் 6-ம் தேதி ராய்கட்டில் காசிப் பண்டிதர் காகா பட்டரைக் கொண்டு ராஜ்யாபிஷேகம் செய்துகொண்ட சிவாஜி மகாராஜா வெளியிட்ட செப்புக்காசு இது. ஒரு பக்கம் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜா சிவ', மறுபக்கம் 'சத்ரபதி'. பொதுவாக எடை 11 முதல் 13 கிராம். பின்னால் வந்தவர்களும் அதே வாசகத்தை அடித்தார்கள். பிற்காலத்துக் காசுகளில் எடை குறைகிறது. 1818-ல் பேஷ்வா ஆட்சி முடிந்தபின் கம்பெனியார்கூடச் சில காலம் சத்ரபதி பெயரை மாற்றவில்லை. ஜனங்கள் வாங்கிப் பழகிய காசு அல்லவா!

அந்த ராஜ்யாபிஷேகத்துக்குப் பம்பாயிலிருந்து கம்பெனியின் தூதராக வந்தவர் ஹென்றி ஆக்ஸிண்டன். அவர் கொண்டுவந்த ஒப்பந்தக் கோரிக்கைகளில் ஒன்று, கம்பெனியின் நாணயம் மகாராஜாவின் ராஜ்யத்தில் செல்ல வேண்டும் என்பது. மகாராஜா தடுக்கவில்லை, உத்தரவும் போடவில்லை. உங்கள் காசு எடையிலும் மாற்றிலும் சரியாக இருந்தால் தானே செல்லும், என் பிரஜைகளைக் கட்டாயப்படுத்த மாட்டேன் என்பதே அவர் சொன்னதன் சாரம். ஓரம் வெட்டியவனைத் தூக்கில் போட்டும் காசைக் காப்பாற்ற முடியாமல் இங்கிலாந்து தவித்த நூற்றாண்டில் சொன்ன பதில் இது. எனக்கு அதைவிடப் பெரிய பொருளாதாரப் பாடம் படித்த ஞாபகம் இல்லை.

அப்படிப்பட்ட காசை நான் என்ன செய்தேன்? அகத்துக்கு வந்ததும் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். பஞ்சபாத்திரம் மாதிரி பளபளத்தது. கெமிஸ்ட்ரி படித்தவன் செய்கிற காரியமா! செம்பின்மேல் இரண்டு மூன்று நூற்றாண்டுகளாகப் படிந்த அந்தக் கறுப்புப் படலம் அழுக்கு அல்ல. உள்ளே இருக்கும் உலோகத்துக்கு அது தோல். அமிலம் பட்டால் தோலோடு எழுத்தின் நுண்மையும் போய்விடும். நாணயம் சேர்க்கும் மராட்டிய நண்பர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, தலையில் மட்டும் கை வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிராயச்சித்தமாகப் படித்த படிப்பைச் சரியாகப் பயன்படுத்தத் தொடங்கினேன். தட்டான் தராசில் காசைக் காற்றில் நிறுத்து, பிறகு நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு நிறுப்பேன். 11.4 கிராம் காசு தண்ணீரில் 1.28 கிராம் குறைந்தால் அடர்த்தி எண் 8.9, அதாவது செம்பு. ஒரு சந்தையில் 'சிவாஜி ஹொன்' என்று பொன் நிறத்தில் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன், 8.4 வந்தது. பித்தளை! அசல் ஹொன் மிக அபூர்வம், என் கைக்கு வருமா என்று வாங்குமுன் யோசித்திருக்க வேண்டும். போலியும் செம்பாகவே இருந்துவிட்டால் இந்தச் சோதனை உதவாது. அப்போது பூதக்கண்ணாடிதான். வார்த்த காசின் விளிம்பில் மெல்லிய பொருத்துக் கோடும், முகத்தில் காற்றுக் குமிழியின் குழிகளும் தெரியும். அடித்த காசில் அவை இரா.

மதிப்பு என்றதும் எல்லோரும் ரூபாயைக் கேட்கிறார்கள். சாதாரண சிவராயிக்குப் பெரிய விலை கிடையாது. அச்சு காசைவிடப் பெரிதாக இருந்ததால் பாதி எழுத்து வெளியே போய்விடும். முழு வாசகமும் விழுந்த காசுக்கும், எழுத்தமைப்பு மாறிய காசுக்கும்தான் போட்டி. ஆனால் எடைக்குப் போகும் செம்பில் என்ன இருக்கும் என்று யார் கண்டது? தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் வெளிப்படுத்திய பாண்டியர் செப்புக்காசில் 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் இருந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்க்க ஒருவர் இருந்தார். நம் அகத்துப் பரண்களில் பாட்டி முடிந்துவைத்த காசுகளை யார் பார்க்கிறோம்?

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் அன்பர்களுக்கு ஒரு விஷயம். 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள். தனி நபர் அதை நாட்டை விட்டுக் கொண்டுபோகக் கூடாது, ஒரே ஒரு செப்புக்காசானாலும் சரி.

போன லீவில் வந்த லண்டன் பேரன், பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு ஒரு சிவராயி கேட்டான். சட்டத்தைச் சொன்னேன், முகம் வாடிவிட்டது. பிறகு காசின்மேல் மெல்லிய காகிதத்தை வைத்து இருபுறமும் பென்சிலால் தேய்த்துக் கொடுத்தேன். நான் புளி போட்ட காசில் 'சிவ' சரியாக விழவில்லை. இன்னொன்றை எடுத்துத் தேய்த்தோம். எடை, வாங்கிய இடம், விலை எல்லாம் எழுதிய ஓர் அட்டையையும் பேரன் கேட்டு வாங்கிக்கொண்டான்.