நிழற்படமும் வரலாற்றுச் சான்றும்: நாலந்தாவை முன்வைத்துச் சில குறிப்புகள்

கண்டியிலிருந்து திருகோணமலை செல்லும் பெருவழியில் உள்ளது நாலந்தா. திருகோணமலைத் துறைமுகம் 1942 ஏப்ரல் 9இல் யப்பானியக் குண்டுவீச்சுக்குள்ளானது. 1944இல் நேசநாடுகளின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைக்கு வந்தது. அக்காலப் படைவீரர்தம் நிழற்படத் தொகுப்புகளிற் கப்பல், விமானம், உல்லாசப் பயணம் ஆகியன அடுத்தடுத்து இடம்பெறக் காண்கிறோம். பொழுதுபோக்கிற்காக எடுக்கப்பட்ட படமும் பின்னர் சான்றாதல் கூடும். திராவிடக் கட்டடப் பாணியில் அமைந்த நாலந்தா கெடிகே, போவத்தென்ன நீர்த்தேக்கத்தின் பொருட்டு, 1975-1980 காலப்பகுதியிற் பிரிக்கப்பட்டு வேறிடத்தில் மீளக் கட்டப்பட்டது. அதன் பழைய சூழலை அறிய அதற்கு முந்திய நிழற்படங்கள் துணைபுரிகின்றன. ஆயின், மாத்தளைத் தோட்டத் தொழிலாளர் இத்தகைய படங்களிற் பெரும்பாலும் பெயரின்றியே நிற்கின்றனர். ஆகவே, கருவி எவர் கையில் இருந்தது என்னும் வினாவையும் நாம் எழுப்புதல் வேண்டும்.