கடலை அடக்கிய இரண்டு ஓவியங்கள்

கலிலேயாக் கடலில் படகு தத்தளிக்கிறது. சீடர்கள் அலறுகிறார்கள். இயேசு எழுந்து காற்றையும் கடலையும் அதட்டுகிறார், அலை அடங்குகிறது. மாற்கு நற்செய்தியின் 4ஆம் அதிகாரம் கூறும் இந்த அற்புதத்தை டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1633இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அந்த ஓவியம் பாஸ்டன் நகரக் கார்ட்னர் அருங்காட்சியகத்திலிருந்து 1990 மார்ச் 18இல் களவு போனது. இன்றும் அங்கே வெறும் சட்டம்தான் தொங்குகிறது.

நம் கம்பனிலும் இப்படியொரு கடற்காட்சி உண்டு. யுத்த காண்டத்து ‘வருணனை வழிவேண்டு படல’த்தில், வழிவிடாத கடல்மேல் இராமன் கணை தொடுக்க, வருணன் வந்து பணிகிறான். இதை ராஜா ரவிவர்மா எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். மைசூர் ஜகன்மோகன் அரண்மனைக்குப் போகும் அன்பர்கள் பார்க்கலாம்.

தஞ்சாவூர்ப் படத்தில் தெய்வம் பொன்தகட்டு ஒளியில் நம்மை நேரே பார்க்கும்; அங்கே காற்று வீசாது. எண்ணெய் வண்ணமோ மெள்ளக் காயும். நிறத்தோடு நிறத்தை இழைத்து நுரையையும், நனைந்த பாறையையும், இருண்ட வானத்தையும் காட்டலாம். அற்புதம் நம் கண்ணெதிரே நடக்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

இந்த வித்தை ரவிவர்மாவுக்குக் கிடைத்தது நம்ம திருவனந்தபுரத்தில்தான். கிளிமானூரிலிருந்து 1862இல், 14 வயதில், ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் அரண்மனைக்கு வந்தார். அவரை அழைத்து வந்த மாமா ராஜராஜவர்மாவுக்கு ஓவியம் கற்பித்தவர் மதுரை அழகிரி நாயுடு. அரண்மனை ஓவியர் இராமசாமி நாயுடு எண்ணெய் வண்ணத்தின் நுட்பத்தைச் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை இரவில் யாருக்கும் தெரியாமல் வந்து கற்றுக்கொடுத்ததாகச் சொல்வார்கள். 1868இல் வந்த தியோடர் ஜென்சனும் தாம் வரைவதைப் பார்க்க மட்டுமே இடங்கொடுத்தார்.

மேதையின் உழைப்பு அவருடையதே. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் வீட்டுக்கு வீடு பூஜையறையில் ஏறின. முதலில் தூரிகை பிடித்துக் காட்டிய அழகிரி நாயுடுவும் ஆறுமுகம் பிள்ளையும் ஏட்டின் ஓரத்தில் நின்றுபோனார்கள்.

மியூசியம் வளாகத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். ரவிவர்மா படங்களின் முன் நிற்கும்போது இந்த இரண்டு பெயர்களையும் அவர்கள் காதில் போட்டுவைப்போம். பிழைக்க வந்த ஊருக்கு நம்மவர்கள் கொடுத்ததும் உண்டு என்பது பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.