போனுக்குக் காவல் விற்ற கதை

நோக்கியா 6600 வைத்திருந்தவர்களை ஊரில் தனியாகத் தெரியும். உருண்டு திரண்ட செட், கேமரா, புளூடூத். திருச்சி சிங்காரத்தோப்புப் பக்கம் அப்போது சர்வீஸ் வேலை பழகிக்கொண்டிருந்த எனக்கு, அதைக் கழற்றிப் பார்க்கக் கையில் கொடுத்தாலே பெருமை. செல்போனுக்கும் வைரஸ் வரும் என்று உலகத்துக்குத் தெரியவந்தது இந்த வகை செட்டுகளால்தான். 2004 ஜூனில் வெளிப்பட்ட அதன் பெயர் காபிர். ‘29ஏ’ என்ற குழுவைச் சேர்ந்த ஒருவர், இப்படியும் செய்ய முடியும் என்று காட்டுவதற்காகவே எழுதியது. அது பணம் திருடவில்லை, படங்களை அழிக்கவில்லை. திரையில் ‘கரீபே’ என்று காட்டிவிட்டு, புளூடூத் திறந்திருக்கும் அடுத்த போனைத் தேடிக்கொண்டே இருக்கும். தேடித் தேடியே பாட்டரி காலியாகும்.

அது பரவிய விதத்தை இன்றைக்கு ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். காபிர் எந்தப் போனிலும் தானாகப் புகவில்லை. புளூடூத்தில் ஒரு செய்தி வருகிறது, ஏற்கலாமா என்று போன் கேட்கும். ஏற்றால், இதை நிறுவலாமா என்று மறுபடியும் கேட்கும். ‘நோ’ அழுத்தினாலும் விடாது. பக்கத்துப் போன் திரும்பத் திரும்ப அனுப்ப, கேள்வியும் திரும்பத் திரும்ப வரும். பத்து மீட்டர் விலகிப் போனால் நின்றுவிடும். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் எங்கே விலகிப் போவார்? தொல்லை தாங்காமல் ‘யெஸ்’ அழுத்திவிடுவார். 2005 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் உலகத் தடகளப் போட்டி நடந்தபோது, மைதானத்துக் கூட்டத்துக்குள் காபிர் போனுக்குப் போன் தாவியது இப்படித்தான்.

அடுத்து வந்தவை பொல்லாதவை. ‘ஸ்கல்ஸ்’ எல்லா ஐகான்களையும் மண்டையோடாக மாற்றி, பேசுவதற்கு மட்டும் போனை விட்டுவைத்தது. ‘காம்வாரியர்’ போனில் இருந்த எண்களுக்கெல்லாம் எம்.எம்.எஸ். அனுப்பிப் பில்லை ஏற்றியது. எங்கள் தெருவில் இவற்றைவிட அதிகம் புழங்கியது மெமரி கார்டு வழியாக வந்த தொற்று. பாட்டு ஏற்றக் கொடுத்த கார்டில் கடைக் கம்ப்யூட்டரின் வைரஸ் ஏறிக்கொள்ளும். வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகியதும் தானாக ஓடும். போனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, அது வெறும் வாகனம். ஆனால் ‘போன்ல வைரஸ்’ என்ற பேச்சு மக்கள் மனதில் ஊன்றியது அந்தக் கார்டுகளால்தான். செருகியதும் தானாக ஓடும் அந்த வசதியை மைக்ரோசாஃப்ட் 2011-இல் பழைய விண்டோஸ்களிலும் அடைத்த பிறகே இது தணிந்தது.

கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் தேவைப்பட்டது உண்மை. லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’ 1986-இல் ஃபிளாப்பி வழியாக உலகம் சுற்றியது. 1991-இல் சென்னையில் கேசவர்தனன் தொடங்கிய கே7, கால்குலேட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த கைலாஷ் காட்கர் தம்பியுடன் சேர்ந்து புனேயில் வளர்த்த குவிக் ஹீல் என்று நம் நாட்டிலேயே இந்தத் தொழில் வேர்விட்டது. அவர்கள் விற்ற பொருளுக்கு வேலை இருந்தது. அன்றைய விண்டோஸில் ஒரு புரோகிராம் ஓடத் தொடங்கினால், மற்ற எல்லாவற்றின் கோப்புகளையும் எடுக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம்.

2008-இல் ஆண்ட்ராய்டு போன் வந்தபோது இந்தக் கட்டுமானமே மாறிவிட்டது. பலரும் கவனிக்காமல் விட்ட மாற்றம் இது. ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பயனர் எண், தனி இடம். ஒண்டுக்குடித்தன வீட்டில் ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனிப் பூட்டுப் போட்டதைப் போல, வங்கிச் செயலியின் அறைக்குள் விளையாட்டுச் செயலி எட்டிப்பார்க்க முடியாது. அங்கே காவலுக்கு வரும் ஆன்டிவைரஸும் இன்னொரு குடித்தனக்காரர்தான். மற்றவர் அறையைத் திறந்து சோதிக்கும் சாவி அதற்குக் கிடையாது. நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலைப் பார்க்கும், நிறுவல் கோப்புகளை ஆராயும், மோசமான இணைப்பென்றால் எச்சரிக்கும். அவ்வளவுதான். ஐபோனில் இந்த அளவுக்கும் இடமில்லை. 2015-இல் ஆப்பிள் தன் கடையிலிருந்து ஆன்டிவைரஸ் செயலிகளை நீக்கத் தொடங்கியது.

காவல் விற்கும் வியாபாரம் மட்டும் நிற்கவில்லை. 2014 ஏப்ரலில் ‘வைரஸ் ஷீல்டு’ என்றொரு செயலி, விலை 3.99 டாலர், கூகுள் கடையின் கட்டணச் செயலிகளில் முதலிடத்துக்கு வந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாங்கினார்கள். பிரித்துப் பார்த்தால் அது செய்த வேலை ஒன்றே ஒன்று: தொட்டதும் திரையிலுள்ள பெருக்கல் குறியை ‘சரி’ குறியாக மாற்றியது. கூகுள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2019-இல் ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆய்வகம் 250 ஆண்ட்ராய்டு காவல் செயலிகளைச் சோதித்தது. தீய செயலிகளில் 30 விழுக்காட்டுக்கு மேல் பிடித்தவை 80 மட்டுமே. சில, தங்கள் பட்டியலில் இல்லாத எல்லாவற்றையும் ஆபத்து என்றன. அப்படிப் பட்டியல் போட்டவர்கள் தங்கள் செயலியின் பெயரையே அதில் சேர்க்க மறந்ததால், அது தன்னையே தீயது என்று அறிவித்த கூத்தும் நடந்தது.

பூட்டு உடையவே உடையாது என்று நான் சொல்லவில்லை. 2011 மார்ச்சில் ‘டிராய்டு டிரீம்’ கூகுளின் சொந்தக் கடையிலேயே ஐம்பதுக்கும் மேற்பட்ட செயலிகளுக்குள் ஒளிந்து வந்து, ஆண்ட்ராய்டின் ஓட்டை வழியாகப் போனின் முழு அதிகாரத்தையும் பிடித்தது. புதிய 2.3 பதிப்பு இருந்த போன்களில் அந்த ஓட்டை அடைக்கப்பட்டிருந்தது. அவை தப்பின. 2015-இல் வெளிவந்த ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ இன்னும் பயங்கரம்: எம்.எம்.எஸ். ஒன்று வந்தாலே போதும், திறக்கக்கூட வேண்டாம். ஏறத்தாழ 95 கோடிப் போன்கள் ஆபத்தில் இருந்தன. அந்த அதிர்ச்சியில்தான் மாதாமாதம் பாதுகாப்பு அப்டேட் என்ற வழக்கமே தொடங்கியது. என் பார்வையில் போன் பாதுகாப்பின் வரலாற்றில் மிகப் பெரிய நாள் அதுதான். கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்ட பழைய போனில் எந்த ஆன்டிவைரஸைப் போட்டாலும், அடியிலுள்ள ஓட்டையை அதனால் அடைக்க முடியாது.

காவல் என்று விற்கப்படும் இன்னொன்று, நம் இணையப் போக்குவரத்தை மறைகுறியாக்கி வேறொரு வழியாக அனுப்பும் வி.பி.என். அது வந்த வழி வேறு. 1996-இல் மைக்ரோசாஃப்டில் குர்தீப் சிங் பால் போன்றவர்கள் அதற்கான முறையை உருவாக்கியது, வீட்டிலிருப்பவர் அலுவலக வலைக்குள் பத்திரமாக நுழைவதற்காக. ஐ.டி. வேலையில் இருப்பவர்கள் இன்றும் அதற்குத்தான் பயன்படுத்துகிறார்கள். அது தேவை, சரியான தேவை. பொது வைஃபையில் வி.பி.என். இல்லாவிட்டால் ஆபத்து என்ற விளம்பரத்துக்கும் ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது. 2010 அக்டோபரில் எரிக் பட்லர் வெளியிட்ட ‘ஃபயர்ஷீப்’, அதே வைஃபையில் இருக்கும் இன்னொருவரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் நுழைவதை ஒரு கிளிக் வேலையாக்கிக் காட்டியது. தளங்கள் விழித்துக்கொண்டன. 2015 இறுதியில் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ மறைகுறியாக்கத்துக்கான சான்றிதழை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்ததும் சிறு தளங்கள்கூட அதற்கு மாறின. ரயில் நிலைய வைஃபையில் உட்கார்ந்திருப்பவர் இன்று உங்கள் வங்கிக் கடவுச்சொல்லைப் படிக்க முடியாது. அது போனிலிருந்து கிளம்பும்போதே மறைகுறியாகிவிடுகிறது.

இலவச வி.பி.என்.களைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 283 ஆண்ட்ராய்டு வி.பி.என். செயலிகளை ஆராய்ந்த ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர்கள், 38 விழுக்காட்டுச் செயலிகளில் தீய நிரலின் அறிகுறியைக் கண்டார்கள். 18 விழுக்காடு மறைகுறியாக்கமே செய்யவில்லை. ‘ஒனாவோ புரொடெக்ட்’ என்ற வி.பி.என். பாதுகாப்பு என்ற பெயரில் வந்தது. 2013-இல் ஃபேஸ்புக் அதன் நிறுவனத்தை வாங்கி, மக்கள் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று அதன் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தது. 2018-இல் ஆப்பிள் அதைத் தன் கடையிலிருந்து வெளியேறச் சொன்னது. வி.பி.என். போட்டால் உங்கள் போக்குவரத்தை நெட்வொர்க் கம்பெனி பார்க்காது, வி.பி.என். கம்பெனி பார்க்கும். வேறுபாடு அதுதான்.

ஆனாலும் என் கடைக்கு வி.பி.என். கேட்டு வந்தவர்கள் பெரும்பாலும் திருடனுக்குப் பயந்து வரவில்லை. துபாய், ஷார்ஜா போகிற பிள்ளைகள் வருவார்கள். அங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேச முடியாது. அம்மா முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்ற ஒரே காரணம். அவர்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுவேன்: அமீரகச் சட்டப்படி, குற்றத்துக்காகவோ குற்றத்தை மறைக்கவோ வி.பி.என். போட்டு இணைய முகவரியை ஒளித்தால் ஐந்து லட்சம் திர்ஹமிலிருந்து இருபது லட்சம் வரை அபராதம். அனுமதி பெற்ற செயலிகள் அங்கேயே இருக்கின்றன, காசு கொடுத்தாவது அவற்றில் பேசு, தம்பி.

2018 மார்ச்சில் வந்தவர் திருச்சியில் குடியிருக்கும் இலங்கைத் தமிழ் அம்மா. இலங்கையின் திகனையில் முஸ்லிம்கள் மீது வன்முறை நடந்து, அரசு ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் வைபரையும் முடக்கியிருந்த நேரம். “அக்கா வட்ஸ்அப்பில வாறா இல்லை தம்பி. அவவின்ர போனில எதைப் போடச் சொல்லுறது?” என்றார். கண்டியில் இருக்கும் அக்காவுக்கு அன்று வி.பி.என். உயிர்க்கயிறு. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரலிலும் இதே முடக்கம் வந்தபோது இலங்கை மக்கள் மறுபடி அதைத்தான் பிடித்தார்கள். முடக்கப்பட்ட வழியைத் திறப்பது, வி.பி.என். உண்மையாகவே செய்யும் வேலை. வைரஸைத் தடுப்பதும் மோசடியைத் தடுப்பதும் அதன் வேலை அல்ல.

இன்று கடைக்கு அழுதுகொண்டு வருகிறவர்கள் வேறு விதமாக ஏமாந்தவர்கள். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று, செயலியை நிறுவும் ஏ.பி.கே. கோப்பு ஒன்று வரும், அல்லது போக்குவரத்து அபராதம், வங்கி கே.ஒய்.சி. என்று வரும். அதைத் தொட்டால், தெரியாத இடத்திலிருந்து வருகிறது, நிறுவலாமா என்று போன் எச்சரிக்கும். பின்னர் எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். இரண்டுக்கும் சம்மதித்ததும் ஓ.டி.பி. வெளியே போகிறது, கணக்கு காலியாகிறது. காபிரைப் போலவே இங்கும் இரண்டு கேள்விகள்தான். 2024-இல் சிங்கப்பூரில் கூகுள் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது: வெளியிலிருந்து வரும் செயலி எஸ்.எம்.எஸ். போன்ற அனுமதிகளைக் கேட்டால், போனிலேயே இருக்கும் பிளே புரொடெக்ட் நிறுவலையே தடுத்துவிடும். பின்னர் இந்தியாவுக்கும் அதைக் கொண்டுவந்தது. இதற்குத் தனிச் செயலியும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம்.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. ஆன்டிவைரஸுக்கும் வி.பி.என்.னுக்கும் ஆண்டுச் சந்தா கட்டும் பணத்தை அடுத்த போனுக்குச் சேர்த்து வையுங்கள். வாங்கும்போது எத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட் தருவார்கள் என்று கேட்டு வாங்குங்கள். செட்டிங்ஸில் போய்க் கடைசி அப்டேட் எந்த மாதத்தது என்று இன்றே பாருங்கள். பிளே புரொடெக்டை அணைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே.யை, அனுப்பியவர் சொந்த மாமாவாகவே இருந்தாலும், தொடாதீர்கள். அவர் போனும் மாட்டியிருக்கலாம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல், யாரிடமும் யோசனை கேட்டு நேரம் கடத்தாமல், உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள்.